திறந்த மூல வலைத் திட்டங்களை ஒன்றோடொன்று இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு திறந்த மூல வலை மென்பொருளை இன்னொன்றோடு சேர்த்து இயக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. ப்ளக்இன் எழுதுபவர்கள், திட்டங்களைப் பராமரிப்பவர்கள், ஓர் அமைப்புக்காக நாலைந்து மென்பொருள்களை நிறுவிக் காப்பவர்கள் என எல்லாரும் கேட்கும் கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. எனக்கு இதில் அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. இணைப்புக்கான நிரலை எழுதுவது சின்ன வேலை. அடுத்த சில வருடங்களுக்கு அதை யார் பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை. பல பதில்களில் அந்தக் கருத்து தலைகாட்டும்.

இரண்டு திட்டங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

வெவ்வேறு விஷயங்கள் பலவற்றை இந்த ஒரே பேச்சில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு திட்டம் இன்னொன்றின் நிரலையே எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்வது ஒரு வகை. தளங்களை உருவாக்கி நிர்வகிக்க உதவும் ட்ரூபல், பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய சிம்ஃபனி கட்டமைப்பின் பாகங்களை எடுத்துக்கொண்டது அப்படித்தான். தனித்தனி சர்வர்களில் ஓடும் இரண்டு மென்பொருள்கள் ஒரு நெறிமுறை (இருவரும் ஒத்துக்கொண்ட பேச்சு விதி) வழியாகப் பேசிக்கொள்வது இன்னொரு வகை. சமூக வலை மென்பொருளான மாஸ்டடானும் வீடியோ மென்பொருளான பியர்டியூபும் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை வழியாகப் பேசுகின்றன. ஒன்றின் திரைக்குள் மற்றொன்று தோன்றுவதும் உண்டு. கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுடில் ஓர் ஆவணத்தைத் திறந்தால் உள்ளே கொலாபோரா ஆன்லைன் எடிட்டர் வருகிறது.

அப்புறம், புது வசதி எதையும் சேர்க்காத ஒத்துழைப்பும் இருக்கிறது. ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கு இரண்டு திட்டங்கள் ஒரே நாளில் திருத்தம் வெளியிடுவது, பழைய பிஎச்பி பதிப்புக்கான ஆதரவைப் பல திட்டங்கள் ஒரே தேதியில் கைவிடுவது போன்றவை. வெளியே அதிகம் பேசப்படாவிட்டாலும், பயனருக்கு இதனால் கிடைக்கும் நன்மை பெரிது.

நீங்கள் எந்த வகையைச் செய்யப்போகிறீர்கள் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உரிமம், பாதுகாப்பு, பராமரிப்பு ஆகிய மூன்றும் வகைக்கு வகை மாறும்.

எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

எழுதலாம். ஆனால் நேரலை வீடியோ வகுப்பு நடத்தும் மென்பொருளை எழுதுவதற்குத் தேவையான அறிவு வேறு, பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் நிர்வகிக்கும் மென்பொருளுக்குத் தேவையான அறிவு வேறு. மூடுல் திட்டம் வீடியோ வகுப்பைத் தானே எழுதாமல் பிக்புளூபட்டனோடு இணைந்தது. இரண்டும் தத்தம் வேலையில் நன்றாக வளர்ந்தன.

இணைக்கும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

காரியம் நடக்கக்கூடிய வழிகளிலேயே மிகத் தளர்வானதை. ஒரு சாதாரண லிங்க் போதுமென்றால் லிங்க் போடுங்கள். இதைச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை, ஆனால் பல தேவைகள் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது ஓஎம்பெட். 2008-இல் வந்த சின்ன நெறிமுறை இது. ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்துக் கேட்டால், அதை எப்படி உட்பொதித்துக் காட்ட வேண்டும் என்ற விவரத்தை அந்தத் தளம் ஜேசன் வடிவிலோ எக்ஸ்எம்எல் வடிவிலோ திருப்பித் தரும். 2009 டிசம்பரில் வந்த 2.9 பதிப்பில் மற்ற தளங்களின் உள்ளடக்கத்தை இப்படிக் காட்டத் தொடங்கியது வேர்ட்பிரஸ். 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பில் தன் பதிவுகளையும் பிறர் இப்படிக் காட்ட வழி செய்தது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அறிந்திருக்கவே வேண்டாம் என்பதுதான் இதன் அழகு.

ஒரு பக்கம் நடக்கும் நிகழ்வு மறுபக்கத்துக்குத் தெரிந்தால் போதும் என்றால் வெப்ஹுக், அதாவது நிகழ்வு நடந்ததும் தானாகப் போகும் செய்தி. இதில் மூன்று விஷயங்களை ஆரம்பத்திலேயே செய்துவிட வேண்டும். வரும் செய்தி உண்மையிலேயே அந்தத் தரப்பிலிருந்து வந்ததா என்று ரகசியச் சாவி கொண்டு கையொப்பத்தைச் சரிபார்ப்பது முதலாவது. ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் வேலை ஒருமுறைதான் நடக்கும்படி எழுதுவது இரண்டாவது. மறுமொழி தாமதமானால் அனுப்பும் தரப்பு பல சமயம் திரும்ப அனுப்பும். செய்தியை வாங்கியதும் வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் சொல்வது மூன்றாவது. கனமான வேலையைப் பின்னால் செய்துகொள்ளலாம்.

தரவைக் கேட்டுப் பெறவும் மாற்றவும் வேண்டுமென்றால் ஆவணப்படுத்தப்பட்ட ஏபிஐ, அதாவது பிற மென்பொருள்கள் பயன்படுத்தத் திறந்துவைத்த வழி. நிரலையே உள்ளே எடுத்துக்கொள்வது இதற்கெல்லாம் அடுத்துத்தான் வரும். அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே டேட்டாபேஸைக் கொடுத்துவிட்டால் சுலபமாக இருக்குமே?

வேண்டாம். ஒரு காலத்தில் மன்ற மென்பொருளையும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளையும் பயனர் அட்டவணை மூலம் ஒட்டவைப்பது சாதாரணமாக இருந்தது. ஏபிஐ என்பது ஒரு திட்டம் வெளி உலகுக்குக் கொடுக்கும் வாக்கு. அட்டவணையின் அமைப்பைப் பற்றி அப்படி எந்த வாக்கும் கிடையாது. அடுத்த வெளியீட்டில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மாற்றுவார்கள். அதோடு, பயனரைச் சேர்க்கும்போது அந்த மென்பொருள் செய்யும் சரிபார்ப்பு, கேச் நீக்கம், அனுமதிக் கணக்கீடு எதுவும் நீங்கள் நேரடியாக அட்டவணையில் எழுதும்போது நடக்காது. கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறையை ஒரு பக்கம் வலுப்படுத்தினால் மறுபக்கம் யாரும் உள்ளே நுழைய முடியாமல் போகும்.

வெறும் அறிக்கைக்காகப் படிப்பதென்றால், படிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கோடு, நகல் டேட்டாபேஸிலிருந்து படியுங்கள். எழுதாதீர்கள்.

எல்லா மென்பொருளுக்கும் ஒரே லாகின் வேண்டும். எங்கே தொடங்குவது?

இன்று புதிதாகச் செய்பவர்களுக்கு என் பதில் ஓபன்ஐடி கனெக்ட். இது 2014-இல் வெளியான தரநிலை, அனுமதி வழங்கும் நெறிமுறையான ஓஆத் 2.0-இன் மேல் கட்டியது. கீக்ளோக் போன்ற ஓர் அடையாள சர்வரை நடுவில் வைத்தால், மற்ற மென்பொருள்கள் கடவுச்சொல்லைத் தொடவே தேவையில்லை. பெரிய நிறுவனச் சூழலில் அதே வேலைக்காக 2005-இல் வந்த சாம்ல் 2.0 தரநிலை இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே அதையே பயன்படுத்துங்கள்.

ஆனால் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மின்னஞ்சல் முகவரியை வைத்துக் கணக்குகளைப் பொருத்தாதீர்கள். முகவரி மாறும், ஒருவர் விட்டுப்போனதை இன்னொருவருக்குக் கொடுப்பார்கள், சில வழங்குநர்கள் அதைச் சரிபார்ப்பதே இல்லை. வேறொருவரின் முகவரியைப் போட்டுப் பதிவு செய்த ஒருவர் அவருடைய கணக்குக்குள் நேராகப் போய்விட இது வழி செய்யும். வழங்குநரைக் குறிக்கும் ‘ஐஎஸ்எஸ்’, அந்த வழங்குநரிடம் பயனரைக் குறிக்கும் ‘சப்’ ஆகிய இரண்டு புலங்களும் சேர்ந்ததைத்தான் நிலையான அடையாளமாக நம்பலாம் என்று ஓபன்ஐடி கனெக்டே சொல்கிறது. அதைச் சேமித்து வையுங்கள்.

இன்னொன்று லாகவுட். உள்ளே வருவதைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள். ஒரு மென்பொருளிலிருந்து வெளியேறியவர் மற்ற நாலு மென்பொருளிலும் வெளியேறிவிட்டாரா, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நடுவில் முடக்கினால் மற்ற இடங்களில் திறந்திருக்கும் அவருடைய அமர்வுகள் என்ன ஆகும் என்று முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

ஒன்றின் திரைக்குள் இன்னொன்றைக் காட்டுவது எப்படி நடக்கிறது?

நெக்ஸ்ட்கிளவுட்–கொலாபோரா இணைப்பே நல்ல பாடம். இரண்டுக்கும் நடுவே இருப்பது வோபி என்ற நெறிமுறை. மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மென்பொருள் சர்வர்களுக்காக வகுத்தது அது. கட்டற்ற திட்டங்கள் இரண்டும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல், எழுதி வெளியிட்டிருந்த அந்த ஒப்பந்தத்தையே எடுத்துக்கொண்டன. கோப்பு எப்போதும் நெக்ஸ்ட்கிளவுடிடமே இருக்கும். பயனர் திறந்ததும், அந்தக் கோப்புக்கும் அந்தப் பயனருக்கும் மட்டும் செல்லும் ஒரு டோக்கன் (அனுமதிச் சீட்டு) எடிட்டரிடம் போகும். எடிட்டர் அதைக் காட்டிக் கோப்பின் விவரத்தைக் கேட்கும், உள்ளடக்கத்தை வாங்கும், பிறகு சேமிக்கத் திருப்பி அனுப்பும்.

யாரிடம் எது இருக்கிறது என்பது இதில் சுத்தமாகப் பிரிந்திருக்கிறது. அனுமதி யாருக்கு என்பதை எடிட்டர் முடிவு செய்வதில்லை; எழுத்துருவைப் பற்றிக் கோப்பு சர்வர் கவலைப்படுவதில்லை. அதனால்தான் அதே நெக்ஸ்ட்கிளவுடில் வேறு எடிட்டரையும், அதே எடிட்டரை வேறு கோப்பு மென்பொருள்களோடும் பொருத்த முடிகிறது. நீங்கள் ஓர் இணைப்பை வடிவமைக்கும்போது, ‘நாளை மறுபக்கத்தில் வேறு மென்பொருள் வந்தால் எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

வேறொரு திட்டத்தின் நிரலை எங்கள் திட்டத்தின் அடித்தளமாகவே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்களுடைய நாட்காட்டியும் சேர்ந்தே வரும். ட்ரூபலின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் லாபமும் விலையும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

ட்ரூபல் பல வருடங்களாகத் தன் நிரலைப் பெரும்பாலும் தானே எழுதி வந்தது. எட்டாம் பதிப்புக்கு அந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டு, சிம்ஃபனி திட்டத்தின் பாகங்களையும் ட்விக் வார்ப்புரு மொழியையும் எடுத்துக்கொண்டது. 2015 நவம்பரில் பதிப்பு வெளியானது. எச்டிடிபி கோரிக்கையைக் கையாள்வது, வழிகளைப் பிரிப்பது போன்ற வேலைகளுக்கு ட்ரூபல் மட்டுமே அறிந்த நிரல் போய், ஏராளமான பிஎச்பி நிரலாளர்கள் அறிந்த நிரல் வந்தது. அங்கே கண்டுபிடிக்கும் பிழைக்கான திருத்தம் இங்கேயும் உதவியது. இங்கிருந்து போன திருத்தங்கள் சிம்ஃபனிக்கும் உதவின.

விலை என்ன? பழைய பாணியில் மாட்யூல் எழுதிக்கொண்டிருந்த பலருக்கு இந்தத் தாவல் மிகப் பெரிதாக இருந்தது. ஏழாம் பதிப்பிலிருந்து பேக்டிராப் என்ற தனித் திட்டம் கிளை பிரிந்து, 2015 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டது. சின்ன அமைப்புகளுக்கும் குறைந்த செலவில் தளம் நடத்துபவர்களுக்கும் பழைய எளிமை வேண்டும் என்ற அவர்களுடைய வாதம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

நாட்காட்டி விஷயம் பிறகு வந்தது. ட்ரூபல் 8 சிம்ஃபனி 3-ஐ நம்பியிருந்தது. சிம்ஃபனி 3-க்கான ஆதரவு 2021 நவம்பரில் முடிவதாக இருந்ததால், ட்ரூபல் 8-இன் ஆயுளும் அந்த மாதத்தோடு முடிந்தது. பயனர்கள் மாற அவகாசம் வேண்டுமே என்று ட்ரூபல் 9 அதற்கு முன்பே 2020 ஜூனில் வந்துவிட்டது. ஒன்பதும் அப்படித்தான்: சிம்ஃபனி 4-இன் ஆதரவு முடியும் 2023 நவம்பரே அதற்கும் கடைசி மாதம். தன் பெரிய வெளியீடுகளைத் தான் மட்டும் தீர்மானிக்கும் நிலை ட்ரூபலுக்கு இனி இல்லை. அது மோசமான பேரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் திட்டத்தின் வெளியீட்டு அட்டவணையை இன்னொரு திட்டம் எழுதுவதை ஏற்றுக்கொள்ளத் தயாரா என்று உங்கள் ஆட்களிடம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நிரலைப் பகிராமலே பொது வழக்கங்களை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாதா?

முடியும், அதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. 2009-இல் பிஎச்பி உலகின் சில திட்டங்கள் கூடி உருவாக்கிய குழு பிஎச்பி-ஃபிக். வகுப்புகளின் பெயரையும் கோப்புகள் இருக்கும் இடத்தையும் எப்படிப் பொருத்துவது, மென்பொருளில் நடப்பதைப் பதிவேட்டில் எழுதும் இடைமுகம் எப்படி இருக்க வேண்டும் என்பது போன்ற வழக்கங்களை அது பிஎஸ்ஆர் என்ற எண்ணிட்ட ஆவணங்களாக வெளியிட்டது. பிஎஸ்ஆர்-3 பதிவேடு இடைமுகத்தை ஒத்துக்கொண்ட லைப்ரரியை (எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை), அதே இடைமுகத்தை எதிர்பார்க்கும் எந்தத் திட்டத்திலும் போடலாம். 2012-இல் வந்த கம்போசர் இந்த வழக்கங்களின் மேல் நின்றுதான் ஒரு திட்டத்தின் லைப்ரரியை இன்னொரு திட்டம் ஒரே கட்டளையில் எடுத்துக்கொள்ளும் நிலையைக் கொண்டுவந்தது.

அதற்கும் முன்னால் நடந்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பிஎச்பி 5 வந்து மூன்று வருடம் ஆன பிறகும், 2007-இல் பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்களில் பிஎச்பி 4 ஓடிக்கொண்டிருந்தது. புது வசதிகளைப் பயன்படுத்தினால் பயனர்களை இழப்போம் என்று திட்டங்கள் பயந்தன; எந்த மென்பொருளும் கேட்கவில்லை என்று ஹோஸ்டிங் நிறுவனங்கள் மாற்றவில்லை. ட்ரூபல், சிம்ஃபனி, டைப்போ3, பிஎச்பிமைஅட்மின் உட்படப் பல திட்டங்கள் ‘கோபிஎச்பி5’ என்ற பெயரில் சேர்ந்து, 2008 பிப்ரவரி 5-க்குப் பிறகு வரும் புதுப் பதிப்புகள் பிஎச்பி 5.2-ஐக் கட்டாயமாகக் கேட்கும் என்று அறிவித்தன. தனியாக எந்தத் திட்டமும் எடுக்கத் துணியாத முடிவு. ஒரே தேதியை எல்லாரும் சொன்னதால் யாரும் தனியாகப் பயனர்களை இழக்கும் நிலை வரவில்லை. ஒரு வரி நிரல்கூடப் பகிரப்படவில்லை.

உரிமம் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நிரலை எடுக்கும் முன் திசையைப் பார்க்கும் அளவுக்காவது. நிபந்தனை குறைவான எம்ஐடி உரிமத்தில் உள்ள நிரலை, சேர்த்து வெளியிடுவதையும் அதே உரிமத்தில் வைக்கச் சொல்லும் ஜிபிஎல் திட்டத்துக்குள் கொண்டுவரலாம். ட்ரூபல் சிம்ஃபனியை எடுத்தது அப்படி. ஜிபிஎல் நிரலை எடுத்து எம்ஐடி திட்டத்துக்குள் போட்டு, மொத்தத்தையும் எம்ஐடி என்று வெளியிட முடியாது. அப்பாச்சி 2.0 உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு ஒத்துப்போகும், இரண்டாம் பதிப்பு மட்டும் என்றால் ஒத்துப்போகாது. ‘இரண்டு அல்லது அதற்குப் பிந்தையது’ என்று எழுதியிருக்கும் திட்டங்களுக்கு மூன்றைத் தேர்ந்துகொள்ள வழி இருப்பதால், அந்த ‘பிந்தையது’ என்ற பகுதி மிக முக்கியம். ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல்லில் கூடுதல் கடமை ஒன்று உண்டு: மாற்றிய மென்பொருளை வலை வழியாகப் பயன்படுத்துபவர்களுக்கும் மூல நிரலைத் தர வேண்டும். நெக்ஸ்ட்கிளவுடும் மாஸ்டடானும் அந்த உரிமத்தில்தான் இருக்கின்றன. தனித்தனியாக ஓடி, நெறிமுறை வழியாகப் பேசிக்கொள்ளும் மென்பொருள்களுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக எழுவதில்லை. தளர்வான இணைப்பை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமம் காகித விஷயம் என்று நினைப்பவர்கள் 2017-ஐ நினைத்துக்கொள்ளட்டும். வலைத் திரைகளை எழுத உதவும் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் லைப்ரரி அப்போது பிஎஸ்டி உரிமத்தோடு காப்புரிமை நிபந்தனை ஒன்றையும் வைத்திருந்தது. ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை, தன் திட்டங்கள் அந்த உரிமத்தில் உள்ளவற்றைச் சேர்க்கக் கூடாது என்றது. செப்டம்பரில் வேர்ட்பிரஸும் ரியாக்டிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது; புது எடிட்டர் அதில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த சில நாட்களிலேயே ஃபேஸ்புக் ரியாக்டை எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியது. அதைப் பயன்படுத்திய திட்டங்கள் வெளிப்படையாகப் பேசியதால்தான் அந்த மாற்றம் அவ்வளவு சீக்கிரம் வந்தது.

ஒரே பாதுகாப்பு ஓட்டை இரண்டு திட்டங்களிலும் இருந்தால்?

சேர்ந்தே வெளியிட வேண்டும். ஒருவர் முந்தினால், அந்தத் திருத்தத்தைப் படித்தே மற்றவரின் பயனர்களைத் தாக்கிவிடலாம். 2014 ஆகஸ்ட்டில், வெளி மென்பொருள்கள் தளத்தோடு பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி பகுதியில், சின்னக் கோரிக்கை ஒன்றால் சர்வரையே முடக்கக்கூடிய ஓட்டை தெரியவந்தது. வேர்ட்பிரஸும் ட்ரூபலும் அந்தப் பகுதியை ஒரே பழைய லைப்ரரியிலிருந்து எடுத்து வளர்த்திருந்தன. போட்டியாளர்களாகப் பார்க்கப்படும் இந்த இரண்டு திட்டங்களின் பாதுகாப்புக் குழுக்களும் முதன்முறையாகச் சேர்ந்து வேலை செய்து, வேர்ட்பிரஸ் 3.9.2, ட்ரூபல் 7.31 ஆகிய பதிப்புகளை ஒரே நாளில் வெளியிட்டன.

இதற்கு முன்னேற்பாடு வேண்டும். உங்கள் திட்டத்தின் பாதுகாப்புத் தொடர்பு முகவரி எது, யார் படிப்பார் என்பது நிரல் கிடங்கான ரெப்போவிலேயே தெரிய வேண்டும். நீங்கள் எந்தெந்த வெளி நிரலை உள்ளே வைத்திருக்கிறீர்கள், எந்தப் பதிப்பு என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். 2016 டிசம்பரில் மின்னஞ்சல் அனுப்பும் லைப்ரரியான பிஎச்பிமெயிலரில் ஓட்டை வெளியானபோது வேர்ட்பிரஸ், ஜூம்லா இரண்டுக்குள்ளும் அந்த லைப்ரரி இருந்தது. நகலெடுத்து, பெயரை மாற்றி, மூலையில் வைத்துவிட்ட லைப்ரரிதான் இப்படிப்பட்ட நாளில் கண்ணில் படாமல் போகும்.

இணைப்புக்கான நிரல் யாருடைய ரெப்போவில் இருக்க வேண்டும்?

எந்தத் திட்டத்தின் மாற்றங்களால் அது அடிக்கடி உடையுமோ, அந்தத் திட்டத்துக்கு அருகில். உதாரணமாக, பிக்புளூபட்டனின் ஏபிஐ நிதானமாக மாறும். மூடுலின் உள்ளமைப்பு அதைவிட வேகமாக மாறும். பல வருடம் தனி ப்ளக்இன்னாக இருந்த அந்த இணைப்பு, 2022 ஏப்ரலில் வந்த மூடுல் 4.0-வில் மூடுலின் உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதன் பிறகு மூடுலின் ஒவ்வொரு மாற்றமும் இணைப்பையும் சேர்த்தே சோதிக்கப்படுகிறது.

மிக மோசமான இடம், இரண்டு திட்டங்களுக்கும் சொந்தமில்லாமல், எப்போதோ எழுதிய ஒருவருடைய தனிக் கணக்கில் கிடப்பது. அவருக்கு வேலை மாறும், ஆர்வம் மாறும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு திட்டங்களின் பராமரிப்பாளர்களும் ஆளுக்கொருவராவது எழுதும் அனுமதி வைத்திருக்கும் பொதுக் கணக்குக்கு அதை ஆரம்பத்திலேயே மாற்றிவிடுங்கள்.

மறுபக்கம் புதுப் பதிப்பு விட்டதும் எங்கள் இணைப்பு உடைகிறது. என்ன செய்ய?

வெளியீட்டுக்குப் பிறகு தெரிந்துகொள்வதுதான் பிரச்சினை. மறுபக்கத்தின் வளர்ச்சிக் கிளையோடு உங்கள் டெஸ்ட்களைத் தினமும் தானாக ஓடவிடுங்கள். அது தோற்றால் உங்கள் வெளியீட்டைத் தடுக்க வேண்டாம், யாராவது ஒருவருக்குத் தகவல் போனால் போதும். மாற்றம் நடந்த மறுநாளே போய்ச் சொன்னால் பெரும்பாலும் திருத்துவார்கள். வெளியீடு முடிந்து ஒரு மாதம் கழித்துச் சொன்னால், அந்த மாற்றத்தை நம்பி வேறு பத்துப் பேர் எழுதியிருப்பார்கள்.

பதிப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். முதல் எண் மாறினால்தான் பழையது உடையும் என்பது நல்ல வழக்கம். ஆனால் ஆவணத்தில் இல்லாத நடத்தையை நம்பியிருந்தால், மூன்றாவது எண் மாறும்போதே உடையும்.

தரநிலை இருக்கிறதே, அதைப் பின்பற்றினால் எல்லாம் தானாகவே பேசிக்கொள்ளாதா?

பாதி தூரம் கொண்டுபோகும். ஆக்டிவிட்டிபப் 2018 ஜனவரியில், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குச் செய்தியை எப்படி அனுப்ப வேண்டும் என்று அது சொல்கிறது. அனுப்பியவர் யார் என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கட்டாயமாக வகுக்கவில்லை. அதற்கு எச்டிடிபி கையொப்பங்களின் ஒரு வரைவை மாஸ்டடான் பயன்படுத்த, மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள். அந்த வரைவு அப்படியே தரநிலையாகவில்லை; 2024-இல் ஆர்எஃப்சி 9421 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்தது வேறுபட்ட வடிவம். பயனரைத் தேடிக் கண்டுபிடிக்க வெப்ஃபிங்கர் வேண்டும் என்பதும் நடைமுறையில் உருவான வழக்கமே.

ஆகவே புதிதாக எழுதும் திட்டம் ஆவணத்தை மட்டும் படித்து எழுதினால், யாரோடும் பேச முடியாமல் நிற்கும். மற்ற திட்டங்கள் உண்மையில் அனுப்பும் செய்திகளைப் பார்த்துப் படிக்க வேண்டும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய திட்டம் செய்வதே வழக்கமாகிவிடும் இடத்தில், பெரிய திட்டத்துக்குப் பொறுப்பு கூடுகிறது. தான் எங்கே தரநிலையைத் தாண்டியிருக்கிறது என்பதை அது எழுதி வைக்க வேண்டும். சின்னத் திட்டங்கள் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை.

அந்தத் திட்டத்தினரை முதலில் எப்படி அணுகுவது?

முடித்த நிரலோடு போகாதீர்கள். ‘இப்படி ஒரு தேவை, இந்த வழியில் செய்யலாம் என்று நினைக்கிறோம், உங்கள் பக்கம் இதில் சிக்கல் உண்டா?’ என்று அவர்களுடைய ரெப்போவில் ஓர் இஷ்யூ (விவாதப் பதிவு) திறந்து கேளுங்கள். அவர்கள் ஏற்கெனவே யோசித்துக் கைவிட்ட வழியாக இருக்கலாம். அதற்குள் ஆவணத்தில் ஒரு பிழை, உடைந்த ஒரு டெஸ்ட் என்று அவர்களுக்கு உதவும் சின்ன வேலை ஒன்றைச் செய்து கொடுங்கள். அவர்களுடைய நிரல் நடை, வெளியீட்டு முறை, பேச்சு வழக்கம் எல்லாம் அந்தச் சின்ன வேலையிலேயே பிடிபட்டுவிடும்.

அவர்களுடைய நிரலில் மாற்றம் தேவையென்றால், அதை உங்கள் நகலில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அவர்களுக்கே அனுப்புங்கள். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் பழைய திருத்தங்களை மறுபடி ஒட்டிக்கொண்டிருப்பது ஆளைத் தின்னும் வேலை. அவர்கள் வேண்டாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். பராமரிக்க ஆளில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். அப்போது, ‘இந்தப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல உங்களிடம் ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கிளை பிரிந்த திட்டங்கள் மறுபடி சேர்ந்ததுண்டா?

உண்டு. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ்-இலிருந்து 2014 கடைசியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ், 2015 செப்டம்பரில் வந்த நோட் 4.0-வில் மறுபடி ஒன்றானது. நடுவில் ஓர் அறக்கட்டளை அமைந்து, முடிவெடுக்கும் முறை மாறியதுதான் அதைச் சாத்தியமாக்கியது. ரூபி மொழியின் வலைக் கட்டமைப்புகளில் போட்டியாக இருந்த மெர்ப், ரெயில்ஸோடு சேரப்போவதாக 2008 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2010 ஆகஸ்ட்டில் வெளியான ரெயில்ஸ் 3-இல் அது நிறைவேறியது. சேராமலே பேசிக்கொள்வதும் உண்டு: 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்த நெக்ஸ்ட்கிளவுடும் ஓன்கிளவுடும் சர்வர்களுக்கிடையே கோப்புப் பகிர்வை இன்றும் ஆதரிக்கின்றன.

ஓர் இணைப்பைக் கைவிட வேண்டிய நேரம் எது, எப்படிக் கைவிடுவது?

பெயர் சொல்லிப் பொறுப்பேற்க யாரும் இல்லாதபோது. பயனர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக ஆளில்லாத இணைப்பை வெளியே வைத்திருப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி இல்லை. அடுத்த பாதுகாப்பு ஓட்டை வரும் நாளில் திருத்தம் தர யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் ஆள் தேடி அறிவியுங்கள், தேதி குறிப்பிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், எந்தப் பதிப்புகள் வரை வேலை செய்யும் என்று ரெப்போவின் முகப்பிலேயே எழுதி, அதைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றுங்கள். இணைப்பு வழியாக மறுபக்கம் போன தரவைப் பயனர் எப்படி வெளியே எடுப்பது என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள். கடைசிப் பதிப்பு ஒன்றை விடுங்கள்: அதை நிறுவினால் வெப்ஹுக்குகள் நீங்க வேண்டும், மறுபக்கத்தில் வாங்கி வைத்திருந்த டோக்கன்கள் ரத்தாக வேண்டும்.